"உங்க ஆதார் ஏறலை" என்று திருப்பி அனுப்பினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

நான் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, பட்டா, ஓய்வூதியம் என்று எதற்காக வந்தாலும் மக்கள் தடுக்கி நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வங்கியிலோ சிம் கடையிலோ "ஏறலை" என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பிவிடுகிறார்கள். எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று சொல்வதில்லை. வருகிறவர் அட்டையே கெட்டுப்போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

ஆதார் பதிவு எந்திரம் என் மேசையில் கிடையாது. அது தாலுகா அலுவலகம், சில வங்கிக் கிளைகள், சில தபால் நிலையங்கள் ஆகிய இடங்களில் இருக்கிறது. அங்கே வீணாக ஒரு முறை போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் யாரையும் அனுப்பும் முன், அனுப்பத்தான் வேண்டுமா என்று இங்கேயே பார்த்துவிடுவேன். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை.

எதுவானாலும் முதலில்: எண் செயலில் இருக்கிறதா?

ஆதாரை வழங்கும் ஆணையமான யுஐடிஏஐயின் மைஆதார் தளத்தில் ஆதார் எண் செல்லுமா என்று பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். 12 இலக்க எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் போட்டால் போதும். உங்கள் வயது எந்த வரம்பில் இருக்கிறது, ஆணா பெண்ணா, எந்த மாநிலம், இணைத்த கைபேசி எண்ணின் கடைசி 3 இலக்கம் ஆகியவை வரும். அந்த 3 இலக்கத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

- விவரம் வருகிறது, 3 இலக்கமும் உங்கள் எண்ணுடையதே: ஆதாரில் கோளாறு இல்லை. சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. கீழே தேடுங்கள்.
- விவரம் வருகிறது, ஆனால் 3 இலக்கம் வேறு, அல்லது கைபேசி எண்ணே காட்டவில்லை: அடுத்த தலைப்புக்குப் போங்கள்.
- எண் செயலில் இல்லை என்று வருகிறது: இதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. 1947 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுதந்திரம் வாங்கிய ஆண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். தமிழில் பேசலாம். காரணம் கேட்டுக்கொண்டு பிறகு பதிவு மையத்துக்குப் போங்கள்.

அறிகுறி: ஓடிபி வரவில்லை

*3 இலக்கம் உங்கள் எண்தான், ஆனாலும் வரவில்லை*

முதலில் போனைப் பாருங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால் அந்த எண் எந்த சிம்மில் இருக்கிறது, அது இயக்கத்தில் இருக்கிறதா, ரீசார்ஜ் முடிந்து எஸ்எம்எஸ் நின்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவரை அந்த எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு சிம்மில் இருக்கிறது. வந்துவிட்டால் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில போன்கள் ஓடிபியை விளம்பரம் என்று நினைத்து அங்கே தள்ளிவிடும்.

வரவில்லையே என்று நான்கைந்து முறை தொடர்ந்து அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஓடிபி உருவாகும், கடைசியாக வந்ததுதான் செல்லும். முதலில் வந்ததைப் போட்டுவிட்டு "தப்புன்னு சொல்லுது" என்று வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஓடிபி 10 நிமிடம் செல்லும். ஒரு முறை கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

எம்-ஆதார் செயலியில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், எஸ்எம்எஸ் வராத இடத்திலும் ஒரு வழி இருக்கிறது. செயலியே 8 இலக்க எண் ஒன்றைக் காட்டும். 30 நொடிக்கு ஒரு முறை மாறும் எண் அது. அதை ஏற்கும் இடங்களில் ஓடிபிக்குப் பதிலாகப் போடலாம்.

*3 இலக்கம் உங்கள் பழைய எண்*

அந்த சிம் இன்னும் வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். ரீசார்ஜ் செய்தால் உயிர் பெறுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். செலவு குறைந்த வழி அதுதான். அந்த எண் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது என்றால் தாமதிக்காதீர்கள். உங்கள் ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

*எண்ணே இணைக்கவில்லை, அல்லது பழைய எண் கைவிட்டுப் போய்விட்டது*

பதிவு மையத்துக்கு நேரில் போய்விடுங்கள். இதற்கு எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் எண்ணும் நீங்களும் போதும். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, நான்கு போட்டோ என்று பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கைரேகை வைத்து, புது எண்ணைச் சொல்லி, 75 ரூபாய் கட்ட வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் இதுதான் கட்டணம். ரசீதில் தொகை அச்சாகி வரும். அதற்கு மேல் கேட்டால் 1947-க்குச் சொல்லலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றம் ஏறிவிட்டதா என்று பார்க்க அதிலுள்ள எண் வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் எண்ணையே கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் எண், கடைக்காரரின் எண், ஊரில் இல்லாத மகனின் எண் என்று கொடுத்தவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து அதே வரிசையில் மறுபடி நிற்கிறார்கள். போன் இல்லாத பெரியவர்கள் என்றால், கூடவே இருக்கும் குடும்பத்தாரின் எண்ணாக இருக்கட்டும்.

அறிகுறி: கைரேகை எடுக்கவில்லை

இங்கேதான் மக்கள் அதிகம் நோகிறார்கள். "உங்க ரேகை இல்ல" என்று ஒரு பெரியவரிடம் நாலு பேர் முன்னால் சொல்வது, நீங்கள் நீங்கள் இல்லை என்று சொல்வது போல. என் அம்மாவுக்கு ஒரு வங்கிக் கிளையில் இது நடந்தது. மூன்று முறை வைக்கச் சொல்லிவிட்டு "அடுத்த ஆள்" என்றார்கள். திரையில் என்ன எண் வந்தது என்று நான் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள்.

அந்த எண்ணைக் கேட்பதுதான் முதல் வேலை. ஆதார் சரிபார்ப்பு தோற்றால் திரையில் பிழை எண் ஒன்று வரும். வழி அதிலிருந்துதான் பிரியும்.

*330 என்று வந்தால்*

ரேகையில் எந்தக் குறையும் இல்லை. பயோமெட்ரிக், அதாவது ரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றின் பதிவு, பூட்டப்பட்டிருக்கிறது. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ பாதுகாப்புக்காக எப்போதோ பூட்டியிருப்பீர்கள். எம்-ஆதாரிலோ மைஆதார் தளத்திலோ திறக்கலாம். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே வரிசையில் உங்கள் முறை வரும்போது திறங்கள், வீட்டில் இருக்கும்போது அல்ல. என் அம்மாவுக்கு வந்தது இதுதான். போன வருடம் பூட்டியது நான், மறந்துபோனதும் நானே.

*300 என்று வந்தால்*

ரேகை பொருந்தவில்லை. செலவில்லாத வழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போங்கள்.

கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். முன்னால் வைத்தவரின் வியர்வையும் எண்ணெயும் அதில் படிந்திருக்கும். உலர்ந்த மெல்லிய துணி போதும். சாதனத்தின் மேல் வெயில் நேராக விழுந்தாலும் எடுக்காது. திசையை மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது விரல். போன நவம்பரில் உயிர்வாழ் சான்று எடுக்க ஒரு பாட்டி வந்தார். நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த கை. கட்டைவிரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் வரி எதுவும் இல்லை, தேய்ந்த நாணயம் போல வழுவழுப்பாக இருந்தது. ஆனால் ஓரத்தில், நகத்துக்குப் பக்கமாக, வரிகள் அப்படியே இருந்தன. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், நன்றாகத் துடைத்தோம், பிறகு ஈரத் துணியால் லேசாக ஒற்றி எடுத்தேன். கட்டைவிரலை விட்டுவிட்டு இடது கை மோதிர விரலை வைத்தோம். பாத்திரம் பிடித்த கை அது, தேய்த்த கை அல்ல. முதல் முறையிலேயே எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: பதிவில் பத்து விரலும் இருக்கின்றன, கட்டைவிரல்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நுனியை ஊன்றாமல் விரலின் சதைப்பகுதியைப் படுக்க வையுங்கள். பலமாக அழுத்தினால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கை சுத்திகரிப்பான் போட்டவுடன் வைக்காதீர்கள், தோல் காய்ந்துபோயிருக்கும். மருதாணி கெட்டியாகப் போட்டிருந்தால் சில நாள் பொறுத்துப் போங்கள்.

எந்த விரலும் எடுக்கவில்லையா? கருவிழி சாதனம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் முகம் வழியாக முடியுமா என்று கேளுங்கள். ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றை 2021 நவம்பரிலிருந்து முகம் காட்டியே எடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் யுஐடிஏஐயின் முக ஆர்டி செயலியும் இருந்தால் போதும், ரேகை எந்திரமே வேண்டாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டுக்கே போய் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. கண் சிமிட்டச் சொல்லும், அப்போது மெதுவாகச் சிமிட்டினால் போதும்.

*ரேஷன் கடையில் எடுக்கவில்லை என்றால்*

கார்டில் பெயர் உள்ள வேறொருவர் வைத்துப் பார்க்கலாம். தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர் என்றால் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கும் படிவம் கடையிலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள். ரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று யுஐடிஏஐ 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பொருள் இல்லாமல் திருப்பி அனுப்பினால் தாலுகாவில் உள்ள வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கொடுப்பது முக்கியம்.

*மையத்துக்குப் போக வேண்டிய கட்டம்*

வெவ்வேறு நாளில், வெவ்வேறு சாதனத்தில், பத்து விரலும் தோற்றால் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 125 ரூபாய். 996 அல்லது 997 என்ற எண் வந்தால் விரலோடு போராடாதீர்கள். ஆதாரே ரத்தாகியிருக்கிறது அல்லது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நேராக 1947-க்கு அழையுங்கள்.

அறிகுறி: "பெயர் மேட்ச் ஆகலை"

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. படிவங்களோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டுக் கேட்கின்றன. அந்தக் கட்டத்துக்குள் நம் பெயரை ஆளுக்கு ஒரு விதமாகத் திணித்துவிட்டார்கள்.

உங்கள் ஆவணங்களை எல்லாம் மேசையில் வரிசையாக வையுங்கள். ஆங்கிலத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து, புள்ளியும் இடைவெளியும் உட்பட, ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். படிக்காதீர்கள், எழுதுங்கள். படித்தால் கண் ஏமாற்றிவிடும். எந்த வகை வித்தியாசம் என்று இப்போது தெரியும்.

*இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால்*

ஒன்றில் "எஸ். முருகன்", இன்னொன்றில் "முருகன் எஸ்". பல இடங்களில் இது பொருந்திப் போகும். பொருந்தாத இடத்தில், ஆதாரைத் தொடாமல் அந்த இடத்தின் பதிவை மாற்றச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றக் கேஒய்சி படிவம் கொடுத்தால் போதும்.

*இனிஷியல் விரிந்திருக்கிறது*

பான் அட்டையில்தான் இது அதிகம். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயராக இனிஷியலைப் போட முடியாது. ஆகவே அப்பா பெயரை முழுதாக விரித்துத்தான் அட்டை வந்திருக்கும். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். ஆதாரில் மட்டும் "முருகன் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டும் பானும் ஒரே மாதிரி இருந்தால், ஆதாரை அவற்றின்படி விரித்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டையோ பானையோ அதற்குச் சான்றாகக் கொடுக்கலாம்.

பானும் ஆதாரும் இன்னும் இணையாமல் இருந்தால் பொதுவாக 2023 ஜூலை 1 முதல் பான் செயலற்றுப் போயிருக்கும். இணைக்க 1000 ரூபாய் கட்டணம். பெயர் பொருந்தாமல் இருக்கும்போதே அந்தப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பெயரைச் சரிசெய்துவிட்டுக் கட்டுங்கள்.

*எழுத்தே வேறு*

"ழ"வுக்கு ஒருவர் "இசட் எச்" போட்டிருப்பார், இன்னொருவர் "எல்" போட்டிருப்பார். "த"வுக்கு ஒன்றில் "டி" மட்டும், இன்னொன்றில் "டி எச்". தமிழில் ஒரே பெயர்தான், கணினிக்கு இரண்டு ஆள். இங்கே அவசரப்படக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியையும் பாலினத்தையும் ஒரு முறைதான். முகவரிக்கு வரம்பு இல்லை. ஒரு தம்பி வந்தார். கல்லூரிக்காக ஒரு முறை மாற்றினார், வங்கி சொன்னது என்று இன்னொரு முறை மாற்றினார். பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போனபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு பொருந்தவில்லை. இரண்டு வாய்ப்பும் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு யுஐடிஏஐயின் மண்டல அலுவலகத்துக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிப்பதுதான் வழி. தமிழ்நாட்டுக்கு அது பெங்களூரில் இருக்கிறது.

அதனால் முதலில் எது மூலம் என்று முடிவு செய்யுங்கள். படித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பாஸ்போர்ட். மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒப்ப மாற்றுங்கள், எளிதாக மாறக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். ஆதாரைத் தொடுவது ஒரே முறையாக இருக்கட்டும். மையத்தில் தட்டச்சு செய்தவுடன் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், ரசீதில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

*கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள்*

மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அப்பாவின் இனிஷியலோடே கடைசிவரை இருக்கலாம். பாதி ஆவணத்தில் அப்பா, பாதியில் கணவர் என்று இருப்பதுதான் தொல்லை. ரேஷன் கார்டில் கணவர் பெயர் தனி வரியில் வந்துவிடும், அதற்காக ஆதாரில் இனிஷியலை மாற்ற அவசியமில்லை என்றுதான் என்னிடம் வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்.

*அரசிதழ் தேவைப்படும் கட்டம்*

பெயரே முழுதாக மாறுகிறது என்றால் எந்தத் திருத்தப் படிவமும் போதாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வேண்டும். தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதைச் செய்கிறது. அரசிதழ் கைக்கு வந்த பிறகே ஆதாருக்குப் போங்கள்.

அறிகுறி: பிறந்த தேதிக்கு ஆதாரை ஏற்க மாட்டேன் என்கிறார்கள்

அவர்கள் சொல்வது சரி. ஆதார் அடையாளத்துக்கான சான்று, பிறந்த தேதிக்கோ குடியுரிமைக்கோ சான்று அல்ல. பிஎஃப் நிறுவனம் 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வயதைத் தீர்மானிக்க ஆதார் போதாது, பள்ளிச் சான்றிதழ் ஏற்றது என்று சொன்னது. பிறப்புச் சான்றையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு போங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தை என்றால் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று மட்டும்தான். அதில் பெயர் சேர்த்துவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள்.

அறிகுறி: இ-ஆதார் பிடிஎஃப் திறக்கவில்லை

கடவுச்சொல் என்பது பெயரின் முதல் 4 எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படி. இங்கேயும் இனிஷியல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. "பி. குமார்" என்று இருந்தால் அந்த நான்கு: பி, புள்ளி, கே, யு. புள்ளி கணக்கில் வரும், இடைவெளி வராது. "குமார் பி" என்று இருந்தால் கே, யு, எம், ஏ. உமா போல ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள பெயர் என்றால் மூன்றோடு ஆண்டு, மொத்தம் ஏழு.

திறந்த பிறகு கையெழுத்துப் பகுதியில் மஞ்சள் கேள்விக்குறி தெரிகிறதா? போலி என்று பொருள் அல்ல. உங்கள் பிடிஎஃப் செயலி அந்த மின்கையெழுத்தை இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் அழுத்திச் சரிபார்த்தால் பச்சைக் குறி வரும். போனில் பெரும்பாலும் வராது.

அறிகுறி: கியூஆரை ஸ்கேன் செய்தால் நீளமாக எண்கள் மட்டும் வருகின்றன

சாதாரண ஸ்கேனரால் பார்க்கிறீர்கள். ஆதாரின் கியூஆருக்கு யுஐடிஏஐயின் சொந்த ஸ்கேனர் செயலி வேண்டும். அதில் பார்த்தால் பெயரும் போட்டோவும் வரும். அதிலும் வரவில்லை என்றால் அட்டையைப் பாருங்கள். கடையில் லேமினேட் செய்ததில் சுருக்கம், மடிப்பு, மங்கிய அச்சு ஏதாவது இருக்கும். இ-ஆதாரைப் புதிதாக இறக்கித் தெளிவாக அச்சடித்தால் தீர்ந்தது. வாடகை வீட்டுக்காரருக்கோ விடுதிக்கோ நகல் கொடுக்கும்போது முதல் 8 இலக்கம் மறைந்த இ-ஆதாரை இறக்கிக் கொடுங்கள். கியூஆர் அதிலும் இருக்கும்.

அறிகுறி: போனில் காட்டினால் செல்லாது என்கிறார்கள்

எதைக் காட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேலரியில் உள்ள போட்டோவைக் காட்டினால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் இரண்டு பகுதி இருக்கிறது: துறை நேரடியாக வழங்கியது "இஷ்யூட்", நீங்களே படமெடுத்து ஏற்றியது "அப்லோடட்". முதல் வகை அசலுக்குச் சமம் என்று டிஜிலாக்கருக்கான விதிகளில் 2017-இல் சேர்த்த விதி 9ஏ சொல்கிறது. இரண்டாவது வெறும் நகல். ரயிலில் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் இஷ்யூட் பகுதியிலிருந்து காட்டினால் செல்லும், அப்லோடட் பகுதியிலிருந்து செல்லாது என்று ரயில்வே 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சாலையில் வாகனச் சோதனையிலும் டிஜிலாக்கர் அல்லது போக்குவரத்துத் துறையின் எம்-பரிவாகன் செயலி செல்லும்.

இணையம் இல்லாத இடத்தில் டிஜிலாக்கர் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். புறப்படும் முன்பே திறந்து, ஆவணத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடிக்கு மட்டும் போனை நம்பிப் போகாதீர்கள். உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

*டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம் வரவே இல்லை*

பழைய உரிமங்களில் எண் சாய்கோடுகள் போட்டு இருக்கும். அதை அப்படியே போட்டால் வராது. மாநிலக் குறி, அலுவலகத்தின் 2 இலக்கம், 4 இலக்க ஆண்டு, 7 இலக்க வரிசை எண் என்ற புதிய வடிவில் போட வேண்டும். வரிசை எண் குறைவாக இருந்தால் முன்னால் சுழியம் சேருங்கள். அப்படியும் வரவில்லையா? ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் உரிமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஓட்டுநர் உரிமங்களுக்கான சாரதி தளத்திலேயே உங்கள் உரிமம் ஏறவில்லை. உரிமம் தந்த ஆர்டிஓ அலுவலகத்துக்கு அசலோடு போய் "பேக்லாக் என்ட்ரி" என்று கேளுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த மேசை என்று காட்டிவிடுவார்கள்.

அறிகுறி: பிள்ளையின் ஆதார் பள்ளியில் ஏறவில்லை

பிள்ளைக்கு 5 வயது தாண்டியும் நீல ஆதாரே இருக்கிறதா? 5 வயதுக்குள் எடுத்ததில் கைரேகை இருக்காது. 5 வயதில் ஒரு முறை, 15 வயதில் ஒரு முறை பயோமெட்ரிக் கொடுத்தே ஆக வேண்டும். 5 முதல் 7 வரையும் 15 முதல் 17 வரையும் கட்டணம் இல்லை. 7 வயதாகியும் கொடுக்காமல் விட்டால் எண் செயலிழக்கவும் கூடும். பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில்தான் பலருக்கு 15 வயதுப் புதுப்பிப்பு நினைவுக்கு வருகிறது.

அறிகுறி: நான் கேட்காத ஓடிபி வருகிறது, அல்லது கணக்கில் பணம் போயிருக்கிறது

இதில் மட்டும் எளிய சோதனை, செலவான சோதனை என்று வரிசை பார்க்காதீர்கள்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930, சைபர் குற்றப் பிரிவு. அடுத்தது வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கி மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. போனில் சொன்னதோடு நிற்காமல், கிளையில் எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

அதே நாளில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். பிறகு மைஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைத் திறங்கள். கடைசி 6 மாதம் வரை, ஒரு முறைக்கு 50 பதிவு வரை வரும். தேதி, நேரம், கைரேகையா ஓடிபியா, எந்த நிறுவனம் என்று இருக்கும். நீங்கள் போகாத இடம் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சடித்துப் புகாரோடு இணையுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் 9 வரை வைத்திருக்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என் எண் இல்லை" என்று குறிக்கலாம். ஒரு ஐயாவுக்கு இப்படிப் பார்த்தபோது அவர் பெயரில் ஐந்து எண்கள் வந்தன, அவர் வைத்திருப்பது ஒன்று. இரண்டு எண்கள் மகளுடையவை என்று அவர் அடையாளம் சொன்னார். மீதி இரண்டையும் என் மேசையிலேயே குறித்து அனுப்பினோம். வந்த குறிப்பு எண்ணை அவருடைய வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், அதை மட்டும் அவர் தொலைக்க மாட்டார் என்பதால்.